படம் எடுத்தா மட்டும் போதாது, பேரும் எழுதணும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. உபயோகமா இருந்தா மத்த கோயில் தொண்டூழியர்களுக்கும் அனுப்பி வைங்க. இது பூஜை விஷயம் இல்ல. கோயில் ஸ்டோர் ரூம்ல கட்டுக் கட்டா கிடக்கிற பழைய பேப்பர் விஷயம்.

சாங்கி பக்கம் கோயில் வேலை செய்ற நாங்க ஏழெட்டு பேர் இருக்கோம். பாதிப் பேருக்கு லோயாங்கிலும் சாங்கி சவுத்திலும் பேக்டரி வேலை. உயர்நிலைப் பள்ளியோட படிப்பை முடிச்சவங்கதான் அதிகம். கம்ப்யூட்டர் படிச்சவங்க யாரும் கிடையாது. ஆனாலும் கோயிலோட பழைய பேரேடு, ரசீதுக் கட்டை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, ஒரு டேட்டாபேஸ்ல ஏத்துற வேலையை ஒரு வருஷத்துக்கு மேலா செஞ்சுக்கிட்டு வர்றோம். அந்த அனுபவத்தில் ரெண்டு கருத்தை அழுத்தமா சொல்ல விரும்புறோம்.

ஒண்ணு, எந்தக் கோயிலா இருந்தாலும் திருப்பணிக்காக அறையைக் காலி பண்றதுக்கு முன்னாடி இந்த வேலை முடிஞ்சிருக்கணும். ரெண்டு, ஸ்கேன் பண்ணிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறது தப்பு. அது பாதி வேலை கூட இல்ல.

முதல்ல அவசரம் என்னன்னு சொல்லிடறோம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்றது நம்ம வழக்கம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12ஆம் தேதி நடந்ததைப் பல பேர் நேர்ல பார்த்திருப்பீங்க. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி திருப்பணி, திருப்பணிக்கு முன்னாடி பாலாலயம். பாலாலயம் முடிஞ்ச உடனே காண்ட்ராக்டர் கேக்கிற முதல் கேள்வி, "ரூம் எப்ப காலி ஆகும்?" அப்பதான் எல்லாருக்கும் கை பரபரங்கும். உடைஞ்ச நாற்காலி, பழைய ஸ்பீக்கர், துருப்பிடிச்ச அண்டா எல்லாம் வெளியே வரும். அதோட சேர்ந்து அட்டைப்பெட்டிகளும் வரும். உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்க்க நேரம் இருக்காது. கரையான் அரிச்சிருக்கும், ஈரம் பட்டு ஒட்டிப் போயிருக்கும். "இதெல்லாம் யாருக்கு வேணும்"னு ஒருத்தர் சொன்னா போதும், லாரியில் ஏறிடும்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கும்னு நாங்க பார்த்திருக்கோம். உபயப் பேரேடு, ரசீது அடிக்கட்டை, கூட்டக் குறிப்புப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், கல்யாணம் நடந்த பதிவு, கும்பாபிஷேக மலர், கறுப்பு வெள்ளைப் படம். பார்த்தா குப்பை மாதிரிதான் இருக்கும். ஆனா சிங்கப்பூர்ல 1827ல தோன்றின மாரியம்மன் கோயில் மாதிரி பெரிய கோயில்களுக்குச் சரித்திரம் எழுத ஆட்கள் இருக்காங்க. தேசியச் சின்னமா அறிவிச்சிருக்காங்க. கம்பத்துல, எஸ்டேட்ல, பட்டாள முகாம் ஓரத்துல ஆரம்பிச்ச சின்னக் கோயில்களுக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேற சரித்திரம் எதுவும் கிடையாது.

சாங்கியையே எடுத்துக்குங்க. 1920களோட கடைசியில் பிரிட்டிஷ்காரன் இங்கே ராணுவ முகாம் கட்ட ஆரம்பிச்சான். போருக்குப் பிறகு விமானப்படைத் தளம் வந்தது. கிளார்க், ஸ்டோர்மேன், வயர்மேன், சமையல், துப்புரவுன்னு எத்தனையோ தமிழர்களும் மலையாளிகளும் தெலுங்கர்களும் அந்தத் தளங்களை நம்பிப் பிழைச்சாங்க. 1971 கடைசியில் பிரிட்டிஷ் படை கிளம்பினப்போ வேலை போச்சு. சில பேர் ஊருக்கே திரும்பிட்டாங்க. மிச்சப் பேர் வீவக வீட்டுக்கு மாறி, தீவு பூரா பிரிஞ்சு போயிட்டாங்க. 1981ல விமான நிலையம் திறந்தப்போ சாங்கி முகமே மாறிப் போச்சு. அந்த மனுஷங்க இங்கே வாழ்ந்ததுக்கு என்ன அடையாளம் மிச்சம்? மாசம் அம்பது காசு, ஒரு வெள்ளின்னு கோயிலுக்குக் கொடுத்து, அதுக்கு எழுதி வாங்கின ரசீது. அந்த அடிக்கட்டையில் பேர் இருக்கு, தேதி இருக்கு, சில இடத்துல சொந்த ஊர் பேரும் இருக்கு.

பேரப்பிள்ளைகள் கோயிலுக்கு வந்து கேக்கிறாங்க. "எங்க தாத்தா இங்கே தலைமைத் தொண்டரா இருந்தாராம், ஏதாவது பதிவு இருக்கா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியணும். எங்க வாதம் மொத்தமும் இதுக்காகத்தான்.

இது புதுசா நாங்க கண்டுபிடிச்ச யோசனையும் இல்ல. அரியலூர் பக்கம் கொள்ளிடக் கரையில் திருமழபாடின்னு ஒரு ஊர். அங்கே உள்ள சிவன் கோயில் விமானத்தைப் பிரிச்சுப் புதுசா கட்டச் சொல்லி முதலாம் ராஜராஜ சோழன் தன்னோட 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவு போட்டார். அதாவது ஏறக்குறைய 1013. சுவர் பூரா கல்வெட்டு. பிரிச்சா எல்லாம் போயிடும். அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்துல படி எடுத்து வைக்கச் சொன்னார். கோயில் கட்டி முடிஞ்சு, மகன் ராஜேந்திரனோட 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவர்ல திரும்ப வெட்டினாங்க. இந்த விவரத்தையும் அங்கேயே கல்லில் எழுதி வச்சிருக்காங்க. நடுவில பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் புத்தகத்தை ஒருத்தர் பத்திரமா வச்சிருந்திருக்கார் பாருங்க.

அந்தக் காலத்துக் கல்வெட்டுல பெரும்பாலும் என்ன இருக்கும்? இன்னார் இந்தக் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தார், இன்னார் நிலம் கொடுத்தார். உபயப் பேரேடுதான் அது. கல்லுக்குப் பதிலா நம்மகிட்ட காகிதம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச மரியாதையை இன்னைக்கு ஸ்கேனர் கையில் வச்சுக்கிட்டு நாம செய்யலைன்னா எப்படி?

சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்கேன் பண்றதுல சிக்கல் ரொம்ப இல்ல. கொஞ்சம் கவனம் வேணும், அவ்வளவுதான். பழைய காகிதத்தைத் தானா இழுக்கிற மிஷின்ல போடாதீங்க, கிழிஞ்சிடும். கண்ணாடி மேல வச்சு ஒவ்வொண்ணா எடுங்க. துருப்பிடிச்ச பின்னைக் கையால மெதுவா எடுங்க. கறுப்பு வெள்ளையில் எடுத்தா பென்சில் எழுத்தும் கார்பன் எழுத்தும் காணாமப் போயிடும். சிவப்பு மையில் பண்ணின திருத்தமும் தெரியாது. அதனால கலர்லயே எடுங்க. அங்குலத்துக்கு 300 புள்ளி சாதாரணப் பக்கத்துக்குப் போதும். கார்பன் நகல், சின்ன எழுத்துன்னா 600. போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா அது படத்தைச் சுருக்கிடும். அதை மூலப் பிரதியா வச்சுக்காதீங்க.

நிஜமான தலைவலி அடுத்த கட்டத்துலதான். ஆயிரக்கணக்குல படம் சேர்ந்துடும். எல்லாம் ஒரே போல்டர்ல, ஸ்கேனர் தானா வச்ச நம்பரோட கிடக்கும். ஒரு பேரைத் தேடணும்னா ஒவ்வொரு படமா திறந்து பார்க்கணும். யாரும் பார்க்க மாட்டாங்க. பெட்டியில் கிடந்த குப்பை இப்ப ஹார்ட் டிஸ்க்ல கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேக்டரியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு பாகம் எவ்வளவு நல்லா கடைஞ்சிருந்தாலும் டேக் இல்லைன்னா அது ரிஜெக்ட்தான். எந்த லாட், எந்த மிஷின், யார் செஞ்சது, யார் பார்த்தது, தெரியாது. தெரியாத பாகத்தைக் கஸ்டமருக்கு அனுப்ப முடியாது. ஸ்கேன் பண்ணின படமும் அப்படித்தான். டேக் எழுதுற இடம்தான் டேட்டாபேஸ்.

நாங்க உபயோகிக்கிறது மைக்ரோசாப்ட் ஆக்சஸ். ஆபீஸ் சாப்ட்வேரோட வந்தது. காசு கொடுக்க வேண்டாம்னு நினைக்கிறவங்க லிப்ரே ஆபீஸ்ல இருக்கிற பேஸ் உபயோகிக்கலாம். எது எடுத்தாலும் முறை ஒண்ணுதான். இதுல மூணு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் பழகப் பழக வரும்.

முதல் விஷயம். படத்தை டேட்டாபேசுக்கு உள்ளே திணிக்காதீங்க. ஆக்சஸ்ல ஓஎல்இ ஆப்ஜெக்ட்னு ஒரு வகைக் கட்டம் இருக்கு. அதுல படத்தை ஒட்டலாம். ஒட்டினா உடனே தெரியும், பார்க்க அழகா இருக்கும். ஆனா அது சுருக்கி வச்ச ஜேபெக் படத்தை விரிச்சு இன்னொரு பிரதியையும் கூடவே வச்சுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஏ4 பக்கத்தை 300 புள்ளியில் கலர்ல எடுத்தா 2480க்கு 3508 புள்ளி. ஒரு புள்ளிக்கு மூணு பைட். விரிச்சா ஒரு பக்கம் 26 மெகாபைட். ஆக்சஸ் கோப்பு ஒண்ணு 2 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. அப்போ எண்பது பக்கத்திலேயே கோப்பு நிறைஞ்சிடும். எண்பது பக்கம்னா ஒரு வருஷப் பேரேடு கூட முடியாது! 2007 பதிப்புல வந்த அட்டாச்மென்ட் கட்டம் பரவாயில்லை, படத்தை ஊதிப் பெருக்காது. ஆனா அதே 2 கிகாபைட் வரம்பு அதுக்கும் உண்டு. ஒரு படம் ஒன்றரை மெகாபைட்னு வச்சுக்கிட்டாலும் ஆயிரத்து நானூறு பக்கத்துக்குள்ள கதை முடிஞ்சிடும். அதுக்கு முன்னாடியே கோப்பு கனத்துப் போய்த் திறக்கவே நேரம் எடுக்கும். கோப்பு கெட்டுப் போனா படமும் பேரும் சேர்ந்தே போயிடும்.

அதனால படங்கள் தனியா ஒரு போல்டர்ல இருக்கட்டும். டேட்டாபேஸ்ல படத்தோட பேரை மட்டும் எழுதுங்க. ஆக்சஸ்ல படிவம் செய்யும்போது ஒரு படச் சட்டம் வச்சு, அதுக்கு இந்தப் பேர்க் கட்டத்தைக் காட்டிட்டா போதும். பதிவைத் திறந்தா பக்கத்திலேயே படம் தெரியும். பார்க்கிறவங்களுக்கு உள்ளே இருக்கா வெளியே இருக்கான்னே தெரியாது. ஒரு எச்சரிக்கை. டிரைவ் எழுத்தோட முழு விலாசத்தையும் ஒவ்வொரு பதிவிலும் எழுதிடாதீங்க. நாளைக்கு வேற கம்ப்யூட்டருக்கு மாத்தினா எல்லாப் படமும் காணாமப் போன மாதிரி ஆகிடும். படப் பேர் மட்டும் பதிவுல இருக்கணும். போல்டர் விலாசம் ஒரே ஒரு இடத்துல இருக்கணும். மாறினா அந்த ஒரு இடத்தை மாத்தினா போதும்.

படத்துக்குப் பேர் எப்படி வைக்கிறது? வெறும் எண். 1962-03-014ன்னா 1962ஆம் வருஷம், மூணாவது புத்தகம், 14ஆம் பக்கம். அதே எண்ணைப் பென்சில்ல பெட்டி மேலயும் புத்தக அட்டையிலயும் எழுதிடணும். படத்துல இருந்து காகிதத்துக்கும், காகிதத்துல இருந்து படத்துக்கும் போக வழி இருக்கணும்.

ரெண்டாவது விஷயம். ஒரு அட்டவணை போதாது, ரெண்டு வேணும். பேரேட்டுல ஒரு பக்கத்துக்கு இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க. படம் ஒண்ணு, பேர் இருபத்தஞ்சு. எக்செல்ல எழுதினா ஒரே பக்க விவரத்தை இருபத்தஞ்சு தடவை எழுதணும். ஒண்ணுல தப்பு வந்தா மத்ததோட ஒட்டாது. அதனால பக்கத்துக்கு ஒரு அட்டவணை. அதுல படப் பேர், புத்தகம், வருஷம், வகை. ஆளுக்கு ஒரு அட்டவணை. அதுல பேர், தொகை, தேதி, ஊர், எந்தப் பக்கம். ரெண்டையும் பக்க எண் சேர்த்து வைக்கும். டேட்டாபேசை எதுக்கு இவ்வளவு வற்புறுத்துறோம்னா இந்த ஒரு வசதிக்குத்தான்.

இதுல பேக்டரி புத்தி ஒண்ணு உதவினதைச் சொல்றோம். பழைய கணக்கப்பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் கூட்டுத்தொகை போட்டிருப்பாங்க. நாங்க ஏத்தின தொகைகளைக் கம்ப்யூட்டர் கூட்டிக் காட்டும். அது அடியில் இருக்கிற தொகையோட ஒத்துப் போனா அந்தப் பக்கம் பாஸ். ஒத்துப் போகலைன்னா யாரோ ஒரு வரியை விட்டிருக்கோம், இல்லாட்டி 3ஐ 8ன்னு படிச்சிருக்கோம். திரும்பப் பார்க்கணும். அறுபது வருஷத்துக்கு முன்னாடி உட்கார்ந்து கூட்டின மனுஷர் இன்னைக்கு எங்களுக்குக் குவாலிட்டி செக் பண்றார். சில பக்கத்துல அவரே தப்பா கூட்டியிருந்தா அதைத் திருத்தக் கூடாது. இருக்கிறபடி எழுதி, குறிப்புல சொல்லணும்.

மூணாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். பேர்.

நம்ம பேருக்குக் குடும்பப் பேர் கிடையாது. ஒரே வருஷத்துல பத்து முருகையா, ஆறு ராமசாமி இருப்பாங்க. அதே ராமசாமியை ரசீதுல தமிழ்ல எழுதியிருப்பாங்க, கூட்டக் குறிப்புல ஆங்கிலத்துல எழுதியிருப்பாங்க. ஆங்கிலத்துல ஒருத்தர் கடைசியில் ஒய் போடுவார், ஒருத்தர் ஐ போடுவார், இன்னொருத்தர் நடுவில டபிள்யூ சேர்ப்பார். பேரப்பிள்ளை வந்து ஐசியில் இருக்கிறபடி தேடினா கிடைக்காது. அதனால பேருக்கு ரெண்டு கட்டம் வைங்க. ஒண்ணுல புத்தகத்துல இருக்கிறது அப்படியே, எழுத்துப் பிழையோட. இன்னொண்ணுல தேடுறதுக்கு வசதியா, எல்லா ராமசாமிக்கும் ஒரே எழுத்து. அப்பா பேர், சொந்த ஊர், வேலை இடம் எது இருந்தாலும் விடாம ஏத்துங்க. ரெண்டு ராமசாமியைப் பிரிச்சுக் காட்டப் போறது அதுதான். படிக்க முடியலைன்னா ஊகிச்சு எழுதாதீங்க. "ஐயம்"னு ஒரு கட்டம் வச்சு டிக் போடுங்க. பின்னால தெரிஞ்சவங்க பார்த்துச் சரி பண்ணுவாங்க.

பழைய புத்தகங்கள்ல பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் இருக்கும். அது அந்தக் காலத்து வழக்கம். படத்துல இருக்கிறது இருக்கட்டும், அழிக்கக் கூடாது. பேர்க் கட்டத்துல இருக்கிறபடி எழுதுங்க. ஆனா அதுக்குன்னு தனிக் கட்டம் போட்டு, அதை வச்சுத் தேடுற வசதி செய்யக் கூடாதுங்கிறது எங்க உறுதியான கருத்து. கோயில் பதிவு தாத்தாவைக் கண்டுபிடிக்க உதவணும். ஆட்களைப் பிரிச்சு எண்ண உதவக் கூடாது.

இன்னொரு எல்லையும் இருக்கு. கல்யாணக் கோப்புகள்ல அடையாள அட்டை நகல் கிடக்கும். அதையும் சேர்த்து ஸ்கேன் பண்ணி ஏத்திடுறாங்க. வேண்டாம். 2012ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. 2019 செப்டம்பர் 1லிருந்து, சட்டப்படி தேவை இருந்தால் ஒழிய, அல்லது ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டிய அவசியம் இருந்தால் ஒழிய, அமைப்புகள் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ சேகரிக்கக் கூடாதுன்னு விதி கடுமையாகியிருக்கு. உயிரோட இருக்கிறவங்க வீட்டு விலாசமும் போன் நம்பரும் யாரும் திறந்து பார்க்கிற கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது. எது பொதுவில் தெரியலாம், எது நிர்வாகத்துக்கு மட்டும்னு செயலவை எழுத்துல முடிவு பண்ணணும். தொண்டூழியர்கள் நாமளா முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

இப்ப சில பேர் சொல்ற மறுப்புக்கு வர்றோம்.

"இப்பதான் கம்ப்யூட்டரே படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்குதே, எதுக்கு உட்கார்ந்து டைப் அடிக்கிறீங்க?" அச்சடிச்ச தமிழை ஓரளவு நல்லாவே படிக்குது, ஒத்துக்கிறோம். கும்பாபிஷேக மலருக்கு அதை உபயோகிங்க. ஆனா கையெழுத்து வேற. கணக்கப்பிள்ளை கையெழுத்துல பாதி இடத்துல புள்ளியே இருக்காது. தமிழ்நாட்டு அரசு 1978ல எழுத்துச் சீர்திருத்தம் செய்றதுக்கு முந்தின எழுத்து அது. லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்போட இருக்கும். றா, னா, ணா வேற உருவத்துல இருக்கும். மேற்படி, வரவு, பற்று எல்லாத்துக்கும் ஒரு சுழி. இன்னும் பழைய கணக்குன்னா தமிழ் எண்ணும் வரும். கம்ப்யூட்டரை விடுங்க, நம்ம பிள்ளைகளுக்கே அது புரியாது. சிங்கப்பூர்ல தமிழ் படிச்ச நல்ல பிள்ளைகள் கூட அந்தப் பக்கத்தைப் பார்த்து முழிக்கிறாங்க. அவங்க தப்பு இல்ல, யாரும் சொல்லிக் கொடுக்கல.

அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யார்? காலையில் கோயில் மண்டபத்துத் தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கிற தாத்தாக்கள், பாட்டிகள். எண்பது வயசு தாண்டினவங்க. "ஓ, இது நம்ம வயர்மேன் ராமசாமி இல்ல, டோபி கடை ராமசாமி"ன்னு ஒரே பார்வையில் சொல்லிடுவாங்க. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரம் அது. காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கலாம். இவங்க தாங்குவாங்களா? அதனாலதான் முதல்ல எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முடிப்போம், பேர் ஏத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றதை நாங்க ஒத்துக்க மாட்டோம். பத்துப் பக்கம் ஸ்கேன் பண்ணினாலும் அந்தப் பத்தையும் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து படிச்சு ஏத்திட்டு, அடுத்த பத்துக்குப் போங்க.

"கிளவுட்ல போட்டுட்டா பத்திரமா இருக்குமே?" போடுங்க. ஆனா யார் பேர்ல இருக்கிற கணக்கு? ஒரு கோயில்ல, பேர் வேண்டாம், ஒரு அன்பர் ஆர்வமா எல்லா வேலையும் தன்னோட லேப்டாப்ல, தன்னோட பாஸ்வேர்டுல செஞ்சார். நல்ல மனுஷர். வேலை மாறி ஊருக்குப் போயிட்டார். இப்ப அதைத் திறக்க ஆள் இல்ல. இன்னொரு இடத்துல இருபது வருஷத்துக்கு முன்னாடி டைப் பண்ணின உறுப்பினர் பட்டியல் பத்திரமா இருக்கு. ஆனா அந்தக் காலத்துத் தனி எழுத்துருவில் அடிச்சது. புதுக் கம்ப்யூட்டர்ல திறந்தா ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாத்தான் தெரியுது. யூனிகோட்ல அடிக்கணும்னு நாங்க ஒத்தைக் கால்ல நிக்கிறது அதனாலதான். பாஸ்வேர்டு கோயில் பேர்ல இருக்கணும், ரெண்டு செயலவை உறுப்பினர்கிட்ட இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை பட்டியலைச் சாதாரண எழுத்துக் கோப்பாவும் எடுத்து வைக்கணும். ஆக்சஸே இல்லாத காலம் வந்தாலும் அதைத் திறக்கலாம்.

பிரதி எத்தனை வேணும்? குறைஞ்சது மூணு. ஒண்ணு கோயில்ல, ஒண்ணு வேற ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு கோயிலுக்கு வெளியே. ஒரே இடத்துல எல்லாத்தையும் வைக்கிறது என்ன ஆகும்னு தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1981ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சப்போ 90,000க்கு மேல புத்தகமும் ஏட்டுச்சுவடியும் சாம்பலாச்சு. வேற எங்கேயும் பிரதி இல்லாதது போனது போனதுதான். அந்த வலியைச் சுமந்த ஈழத்துத் தமிழர்கள் 2005லிருந்து நூலகம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, கிடைச்ச புத்தகம், பத்திரிகை, கோயில் மலர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, தலைப்பும் ஆசிரியரும் வருஷமும் எழுதி இன்டர்நெட்ல வச்சிருக்காங்க. நம்ம சிங்கப்பூர்லயும் 2015 பொன்விழா ஆண்டில், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்னாக்கம் செஞ்சாங்க. எழுத்தாளர்கள் புத்தகத்துக்கு அந்த மரியாதை கிடைச்சது ரொம்ப சந்தோஷம். புத்தகம் எழுதாத, ரசீதுல மட்டும் பேர் இருக்கிற ஆட்களுக்கும் அது கிடைக்கணும்னு கேக்கிறோம். அதை வாரியம் வந்து செய்யும்னு காத்திருக்க முடியாது. அந்தப் பேர் நம்ம ஆட்களுக்குத்தான் தெரியும்.

"இதுக்கெல்லாம் யார் காசு தருவா?" கோபுர லைட்டுக்கு உபயம் கிடைக்குது, கவசத்துக்குக் கிடைக்குது, அன்னதானத்துக்கு வரிசையில் நிக்கிறாங்க. சந்தோஷம், நடக்கட்டும். ஸ்கேனருக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் உபயம்னா யாருக்கும் தோணுறதில்ல. உபயப் பலகையில் அதுக்கு வரியே கிடையாது. இத்தனைக்கும் தட்டைக் கண்ணாடி ஸ்கேனர் ஒண்ணும், ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும், அமிலம் இல்லாத அட்டைப்பெட்டிகளும் சேர்த்தா ஒரு நாள் அன்னதானச் செலவு கூட வராது. மிச்சம் எல்லாம் நேரம். அந்த நேரத்தைத்தான் தொண்டூழியர்கள் தரத் தயாரா இருக்கோம்.

ஸ்கேன் ஆனதும் மூலக் காகிதத்தைத் தூக்கிப் போடலாமான்னு கேக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. போடாதீங்க. இன்னைய ஸ்கேன்ல விட்டது நாளைக்கு வேணும்னா மூலம்தான் பேசும். காய்ஞ்ச அறை, தரையில் இருந்து உயரமான அலமாரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை திறந்து பார்த்தல். இவ்வளவுதான் கேக்குது அது.

கோயில் செயலவைகள்ல இருக்கிற பெரியவங்களுக்குப் பணிவா மூணு வேண்டுகோள்.

அடுத்த திருப்பணித் திட்டத்தில், பாலாலயத்துக்கு முந்தின வேலையா, "பதிவுகளைப் படியெடுத்தல்"னு ஒரு வரி சேருங்க. அதுக்கு ஒரு தொகையும் ஒதுக்குங்க. அது முடியாம ஸ்டோர் ரூம் சாவியைக் காண்ட்ராக்டர்கிட்ட கொடுக்காதீங்க.

உபயப் பலகையில் பதிவுப் பணிக்கு ஒரு வரி போடுங்க. கேட்டா கொடுக்க ஆள் இருக்காங்க.

பெரியவங்களை உட்கார வைக்க ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பெரிய திரை கொடுங்க. எழுத்தைப் பெருசாக்கிக் காட்டினா அவங்க படிப்பாங்க. பக்கத்துல ஒரு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து ஏத்தட்டும். பழைய எழுத்தும் கத்துக்கும், குடும்பக் கதையும் கேட்டுக்கும்.

உங்க வீட்டுலயும் பழைய கோயில் ரசீது, திருவிழா நோட்டீஸ், படம் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. எங்களுக்குக் கொடுக்கணும்னு அவசியமும் இல்ல. கொண்டு வந்து காட்டுங்க, ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பிக் கொடுத்திடறோம். படத்துல இருக்கிறவங்க யார் யார்னு மட்டும் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிட்டுப் போங்க.

உங்க கோயில்ல இதை வேற மாதிரி நல்லா செய்றீங்கன்னா கீழே எழுதுங்க, நாங்களும் கத்துக்கிறோம்.